மாடி பாத்ரூமை மொத்தமாக உடைப்பதா, பழுது பார்த்தால் போதுமா? (திருநகர், 1996இல் கட்டிய வீடு)

மொட்டைமாடி

எல்லோருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் அப்பா 1996இல் கட்டிய வீடு. மாடி பாத்ரூம் ஏழடிக்கு ஐந்தடி, அதற்கு நேர் கீழே அடுப்படி. அடுப்படி சீலிங்கின் ஒரு மூலையில் பெயிண்ட் கொப்பளித்து, உப்புப் பூத்து, விரல் பட்டாலே மாவாக உதிர்கிறது. மழை பெய்தாலும் கத்திரி வெயில் அடித்தாலும் அந்த இடம் ஈரமாகத்தான் இருக்கிறது. மாடியில் குழாயைத் திறந்துவிட்டு வந்தால், பக்கெட் நிறைவதற்குள் பல் தேய்த்து முடித்துவிடலாம். நஹானி ட்ராப் (தரைத் தண்ணீர் வெளியேறும் வாய்) பக்கத்தில் இரண்டு தரை டைல்ஸைத் தட்டினால் டொக்கு விழுகிறது. சுவர் டைல்ஸ் அந்தக் காலத்து வெளிர் பச்சை. போர் தண்ணீர் பட்டுப் பட்டு இடுப்பு உயரம் வரை வெள்ளை படிந்துவிட்டது.

மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கான்ட்ராக்டர், "ஆயுசு முடிஞ்சிருச்சு சார், மொத்தமா உடைச்சிருவோம்" என்று 1,80,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்தார். பிளம்பர், ட்ராப்பை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். வாட்டர் ப்ரூஃபிங் ஆள், ஒரு டைல்ஸைக்கூட உடைக்காமல் மேலிருந்தே கெமிக்கல் ஊற்றி நிறுத்தித் தருவதாகவும் பத்து வருட கேரண்டி என்றும் சொல்கிறார். மூவரும் பார்த்தது ஒரே பாத்ரூமைத்தான்!

கீழே இன்னொரு பாத்ரூம் இருக்கிறது. அம்மா (74 வயது) புழங்குவது. இந்தியன் கிளாசெட். அதில் ஒழுகல் எதுவும் கிடையாது என்பதால் அதைத் தொடுவதாக இல்லை. மாடியை மட்டும் சொல்லுங்கள்: எந்தக் கட்டத்தில் மொத்தமாக உடைப்பது சரி?

ஜிகர்தண்டா

யோசிக்கவே வேண்டாம், உடைத்துவிடுங்கள். முப்பது வருடம் ஆகப்போகிறது. வில்லாபுரத்தில் என் மச்சான் முதலில் ட்ராப்பை மாற்றினார், அப்புறம் கிரவுட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கலவை) போட்டார், அப்புறம் ஒரு கெமிக்கல். ஒவ்வொரு முறையும் கொத்தனார், சித்தாள், ரப்பிஷ் அள்ளும் வண்டி எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் காசு போனது. கடைசியில் எல்லாவற்றையும் உடைத்துத்தான் சரி செய்தார். வீடு முழுக்கத் தூசி பறப்பதை ஒரே தடவையாகத் தாங்கிக்கொள்ளலாம்.

ரசமட்டம்

நான் சைட் இன்ஜினியர். மூன்று பேரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் பார்க்கவில்லை. அதைக் கண்டுபிடிக்காமல் உடைப்பது பற்றிப் பேசுவதே தப்பு.

மாடி பாத்ரூமில் மூன்று வழியாகத் தண்ணீர் கீழே இறங்கலாம். ஒன்று, சுவருக்குள் இருக்கும் குழாய். அதில் டேங்க் தண்ணீர் 24 மணி நேரமும் நிற்பதால் நீங்கள் குளித்தாலும் குளிக்காவிட்டாலும் ஒழுகும். இரண்டாவது, கழிவுக் குழாய், ட்ராப், கிளாசெட் ஜாயிண்ட். இவை புழங்கும்போது மட்டும் ஒழுகும். பெரும்பாலும் வாடையும் சேர்ந்து வரும். மூன்றாவது தரை. டைல்ஸ் இடுக்கில் இறங்கும் தண்ணீர், அடியில் இருக்கும் வாட்டர் ப்ரூஃப் பூச்சைத் தாண்டிப் போவது. டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தடுக்க வேண்டியது அடியில் உள்ள பூச்சுதான். 90களில் கட்டிய பல வீடுகளில் சிமெண்டில் ஒரு லிக்விட் கலந்து பூசியதோடு சரி.

ஆகவே சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள்.

பாத்ரூமைச் சில நாள் பூட்டி வையுங்கள், டேங்க் லைனை மூட வேண்டாம். அப்போதும் புது ஈரம் வந்துகொண்டே இருந்தால் குழாய் மேல்தான் சந்தேகம். இங்கே அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வரக்கூடாது. பழைய வீடுகளில் சங்கன் ஸ்லாப், அதாவது பாத்ரூமுக்காகத் தாழ்த்திப் போட்ட காங்கிரீட் தளம், ஓரடி, ஒன்றரை அடி ஆழம் இருக்கும். உள்ளே உடைந்த செங்கலும் மணலும். அது நனைந்த சாக்கு மாதிரி, தண்ணீர் நின்ற பிறகும் வாரக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். எனவே ஈரம் காயவில்லை என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஈரத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள், அது கோட்டைத் தாண்டிப் பரவுகிறதா என்று பாருங்கள்.

அடுத்து தரை. ட்ராப் வாயில் பிளாஸ்டிக் தாளும் துணியும் திணித்து அடைத்து, வாசலில் சிமெண்டால் ஒரு சின்ன வரப்பு கட்டி, தரையில் ஒரு இஞ்ச் தண்ணீர் நிறுத்துங்கள். சொட்டு நீலம் கலந்துகொள்ளலாம். சுவரில் மட்டத்தைக் குறித்துவிட்டு மறுநாள் பாருங்கள். ஆவியாவது கொஞ்சம்தான். மட்டம் நன்றாக இறங்கியிருந்தால் தரை போய்விட்டது, ஜிகர்தண்டா சொல்வது சரி. அதைக் கெமிக்கல் ஊற்றி நிறுத்த முடியாது. அந்தக் கெமிக்கல் கிரவுட்டில் உள்ள மயிரிழை வெடிப்புக்கு ஓரளவு கேட்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். உதிர்கிற இடத்தில் துருக்கறை தெரிகிறதா, கம்பி வெளியே வந்திருக்கிறதா? காங்கிரீட் செதிலாக விழுகிறதா? அப்படியென்றால் பாத்ரூம் பேச்சை நிறுத்திவிட்டு ஸ்லாபைக் கவனிக்க வேண்டும். பழுதான காங்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துரு தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலவையால் கட்ட வேண்டும். மேலே சிமெண்ட் பூசி மறைத்தால் உள்ளே கம்பி அரித்துக்கொண்டே போகும்.

கேட்வால்வு

ரசமட்டம் சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், நான் பிளம்பர். 1996 என்றால் சுவருக்குள் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பாகத்தான் இருக்கும். குழாயில் தண்ணீர் மெலிந்து வருகிறது என்று நீங்கள் சொன்னதை மூன்று பேருமே காதில் வாங்கவில்லை போல. நம்ம ஊர் போர் தண்ணீரில் ஜிஐ பைப்புக்குள் துருவும் உப்பும் சேர்ந்து படியும். நான் கழற்றிய அரை இஞ்ச் பைப்பில் பென்சில் நுழையாது. வெளியே பார்த்தால் பைப் முழுசாக இருக்கும், த்ரெட் வெட்டின இடத்தில்தான் முதலில் ஓட்டை விழும், ஏனென்றால் அங்கே தகடு மெலிசு.

பூட்டி வைத்துக் காத்திருப்பதை விடச் சுருக்கமான வழி பிரஷர் டெஸ்ட். எல்லாக் குழாயையும் கழற்றி டெட் பிளக் (அடைப்பு மூடி) போட்டு, டேங்க்கிலிருந்து வரும் லைனைத் துண்டித்து, கை பம்ப்பை மாட்டி ஏற்ற வேண்டும். மீட்டரில் முள் இறங்கினால் லைனில் ஓட்டை. வருகிற ஆள் பத்து கிலோவுக்கு ஏற்றினால் தடுத்துவிடுங்கள். அது புது பைப்புக்கு. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு கிலோ பிரஷர். உங்கள் டேங்க் குழாய்க்கு மேலே பத்துப் பன்னிரண்டு அடி இருந்தால் அரைக் கிலோகூட வராது. இரண்டு கிலோ ஏற்றிப் பார்த்தால் போதும். அதற்கு மேல் போனால் நன்றாக இருக்கிற த்ரெட்டும் விட்டுவிடும்.

தண்டட்டி

இத்தனை பேர் பேசுகிறீர்கள், பாத்ரூமை எதைப் போட்டுக் கழுவுகிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா? தெருவில் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு "ஆசிட், பினாயில்" என்று வருபவரிடம் வாங்கி ஊற்றினால், உப்புக்கறை போவதோடு டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டும் போகும். ஊற்றியதும் நுரைத்துக்கொண்டு வருமே, அது அழுக்கு மட்டும் இல்லை, கரைகிற சிமெண்டும் சேர்த்துத்தான். எங்கள் காம்பவுண்டில் ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் ஆசிட் ஊற்றுவார்கள். பாத்ரூம் பளபளவென்று இருக்கும், கீழ் வீட்டுக்காரர் தலையில் சொட்டும். குழாயின் நிக்கலும் போய்ப் பித்தளை பல்லிளித்தது.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். குளோரின் வாயு வரும். பூட்டிய பாத்ரூமில் அது விளையாட்டு இல்லை.

உப்புக்கறைக்கு வினிகரோ எலுமிச்சையோ போதும். ஊறவிட்டு, நைலான் பிரஷால் தேய்த்து உடனே கழுவிவிட வேண்டும். கை வலிக்கும், அது வேறு விஷயம்.

மொட்டைமாடி

அக்கா, நீங்கள் எங்கள் வீட்டை எட்டிப் பார்த்த மாதிரி இருக்கிறது. ஆசிட் கேன் மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கிறது. இனி அது கிடையாது.

கம்பி எதுவும் தெரியவில்லை, துருக்கறையும் இல்லை. சோதனைகளுக்கு ஆள் சொல்லியிருக்கிறேன்.

மாசிவீதிக்காரன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்களுடையது கோயிலுக்குப் பக்கம் பழைய வீடு, மெட்ராஸ் டெரஸ். பாத்ரூம் கொல்லையில் இருக்கிறது, ராத்திரி முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டும். அதைச் செப்பனிடுவதற்குப் பதில் மாடியிலேயே புதிதாக ஒன்று கட்டிவிடலாமா?

ரசமட்டம்

மாசிவீதிக்காரரே, அதைக் கனவில்கூட நினைக்காதீர்கள். உங்கள் கூரை மரச்சட்டத்தின் மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியது. ஏழுக்கு ஐந்து பாத்ரூமில் ஓரடி ஆழத்துக்குச் செங்கல் ஜல்லி நிரப்பினால் 35 கன அடி, அதாவது ஏறக்குறைய ஒரு கன மீட்டர். நனைந்தால் ஒன்றரை டன்னுக்கு மேல் வரும். சுவர், டைல்ஸ், தண்ணீர் எல்லாம் தனி. அது போக, சட்டத்தின் முனை சுவருக்குள் உட்காரும் இடத்தில் ஈரம் ஏறினால் மரம் உளுத்துவிடும், வெளியே தெரியவே தெரியாது. கொல்லை பாத்ரூமுக்குப் போகும் வழியில் கூரை போட்டு, நல்ல லைட்டும் கைப்பிடியும் வையுங்கள். செலவும் குறைவு.

பிசியோஅக்கா

மொட்டைமாடி தம்பி, உங்கள் முதல் பதிவில் கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். 74 வயது அம்மா தினமும் இந்தியன் கிளாசெட்டில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார். எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்?

மொட்டைமாடி

கிளாசெட் பக்கத்தில் இருக்கும் குழாயைத்தான் பிடித்துக்கொள்வார். அதை இதுவரை இரண்டு தடவை மாற்றியிருக்கிறோம், ஆடி ஆடிக் கழன்றுவிடும்.

பிசியோஅக்கா

அப்படியென்றால் உடைக்க வேண்டிய பாத்ரூம் அதுதான். மாடியில் ஒழுகினால் பெயிண்ட் போகும், இங்கே குழாய் கையோடு வந்தால் இடுப்பெலும்பு போகும். இடுப்பு முறிந்து படுத்த பெரியவர்களை நான் தினமும் பார்க்கிறேன். பழையபடி நடப்பவர்கள் எல்லோரும் இல்லை.

அதற்கு அழகான பாத்ரூம் எல்லாம் தேவையில்லை. வெஸ்டர்ன் கிளாசெட், சீட்டின் உயரம் தரையிலிருந்து 45 முதல் 48 செ.மீ. பக்கத்துச் சுவரில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று என்று ஸ்டீல் கைப்பிடி. அதைச் செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் அடித்து மாட்ட வேண்டும், துண்டு போடும் கம்பி ஆள் பாரம் தாங்காது. தரைக்குச் சொரசொரப்பான மேட் டைல்ஸ். வாசலில் நிலைப்படி தடுக்காமல் இருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்து கதவுக்குப் பின்னால் ஒருவர் கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. ராத்திரி விளக்கு சுவிட்ச் படுக்கைக்குப் பக்கத்தில் வந்தால் இன்னும் நல்லது.

அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார், "எனக்கு இதுதான் சரியா வரும்" என்பார். மருமகள் சொன்னால் கேட்பாரா, டாக்டர் சொன்னால் கேட்பாரா என்று பார்த்துச் சொல்ல வையுங்கள்.

ஜிகர்தண்டா

அக்கா சொல்வது நியாயம். அப்படியானால் இரண்டையும் ஒன்றாக உடைத்துவிடலாமே? கொத்தனார் ஒரே ஆள், டைல்ஸ் மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும்.

தண்டட்டி

இரண்டையும் ஒன்றாக உடைத்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் எங்கே போவார்கள், பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கா?

மொட்டைமாடி

சோதனை முடிந்துவிட்டது. தரையில் நிறுத்திய தண்ணீர் மறுநாளும் குறித்த கோட்டிலேயே நின்றது. ட்ராப்பைத் திறந்துவிட்டும், கிளாசெட்டில் நீலம் கலந்து ஊற்றியும் பார்த்தோம். கீழே நிறம் வரவில்லை, வெளிச்சுவரில் இறங்கும் பைப்பிலும் கசிவு இல்லை. பிரஷர் டெஸ்ட்டில்தான் மாட்டிக்கொண்டது. இரண்டு கிலோ ஏற்றிவிட்டு நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் முள் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது. ஷவர் பக்கத்துச் சுவரில் காதை வைத்தால் உஸ்ஸென்று சத்தம் கேட்டது.

ஆக, தரை நன்றாக இருக்கிறது, குழாய்தான் போய்விட்டது. கான்ட்ராக்டரிடம் சொன்னதற்கு, "பைப் மாத்தணும்னா சுவர் டைல்ஸை எப்படியும் உடைக்கணும், அந்தப் பச்சை டைல்ஸ் இப்போ எங்கேயும் கிடைக்காது, அதனால முழுசாதான் பண்ணணும்" என்கிறார். சரியா?

கேட்வால்வு

பாதி சரி. சுவருக்குள்ளேயே புது பைப் போக வேண்டுமென்றால் அவர் சொல்வது உண்மை. ஆனால் உங்கள் பாத்ரூமுக்கு ஒரு பக்கம் வெளிச்சுவர் இருக்கிறதல்லவா? பழைய ஜிஐ லைனை இரண்டு முனையிலும் மூடி அப்படியே சாகவிடுங்கள். டேங்க்கிலிருந்து வெளிச்சுவர் வழியாகப் புது சிபிவிசி (பிளாஸ்டிக் பைப்) லைன் இறக்கி, ஒவ்வொரு குழாய்க்கும் நேராகச் சுவரில் துளை போட்டு உள்ளே கொண்டு வரலாம். குழாய் வரும் இடத்தில் ஒன்றிரண்டு டைல்ஸ் போகும். அங்கே வேறு நிறத்தில் போட்டால் வேண்டுமென்றே போட்ட டிசைன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

சிபிவிசி வெயிலில் கிடந்தால் நாளடைவில் நொறுங்கும் தன்மை வந்துவிடும், நம்ம ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். தண்ணீரில் கலக்கும் பெயிண்ட் அடியுங்கள், இல்லாவிட்டால் மேலே ஒரு கவர் போடுங்கள். ஆயில் பெயிண்ட் வேண்டாம், அதில் இருக்கும் தின்னர் பைப்புக்கு ஆகாது. மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி வால்வு கட்டாயம் வையுங்கள். பழைய வீடுகளில் ஒரு வாஷர் மாற்றுவதற்குக்கூட மொத்த வீட்டுக்கும் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்கிறது.

கீஸர் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா? முன்னால் சில வீடுகளில் தண்ணீர்க் குழாயிலேயே எர்த்தைக் கட்டி வைத்திருப்பார்கள். ஜிஐ போய் பிளாஸ்டிக் பைப் வந்ததும் அந்த எர்த் வேலை செய்யாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முறையான எர்த் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகு கீஸரைப் போடுங்கள்.

ஜிகர்தண்டா

வெளிச்சுவரில் பைப் ஓடினால் வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். ஐந்து வருடத்தில் தரையும் போகும், அப்போது இதே இழையில் வந்து எழுதுவீர்கள். நான் என் பேச்சை மாற்றவில்லை.

ரசமட்டம்

போகலாம், போகாமலும் இருக்கலாம். தண்ணீர் நிறுத்திப் பார்த்ததில் மட்டம் இறங்காத தரையை உடைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டொக்கு விழும் இரண்டு டைல்ஸை மட்டும் எடுத்து டைல்ஸ் அடெசிவில் ஒட்டுங்கள். உளி அடியில் உள்ள பூச்சுக்குப் போகக்கூடாது, டைல்ஸ் எடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். மற்ற இடுக்குகளில் பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி கிரவுட் போட்டால் ஆசிட் தின்ற குறையும் தீரும். பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாம் என்று யாராவது வருவார்கள். தரை ஒன்றரை செ.மீ. வரை உயரும், கதவை அறுக்க வேண்டும், ட்ராப் பள்ளத்தில் போகும். இந்த வீட்டுக்கு அது தேவையில்லை.

சீலிங்குக்கு உடனே பெயிண்ட் அடிக்காதீர்கள். உள்ளே இருக்கிற ஈரம் காயட்டும். இரண்டு மூன்று மாதம் அசிங்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கீழ் பாத்ரூம் சுலபம். தரைத்தளம் என்பதால் சங்கன் ஸ்லாப் தொல்லை இல்லை, அடியில் மண். ஆனால் இந்தியன் கிளாசெட் இருந்த இடத்தில் வெஸ்டர்னை அப்படியே தூக்கி வைக்க முடியாது. எஸ் ட்ராப்பா (கழிவு தரைக்குள் இறங்குவது) பி ட்ராப்பா (சுவர் வழியாகப் போவது) என்பதும், சுவரிலிருந்து கழிவுக் குழி நடுப்புள்ளி எவ்வளவு தூரம் என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். முடிந்த டைல்ஸிலிருந்து அளக்க வேண்டும், பூசாத சுவரிலிருந்து அளந்தால் டைல்ஸ் ஏறியதும் கிளாசெட் உட்காராது. முதலில் கிளாசெட்டைக் கடையில் முடிவு செய்யுங்கள், அப்புறம் தரையை உடைக்கலாம். தரை வாட்டம் அடிக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் போதும். தண்ணீர் வேகமாக ஓடட்டும் என்று கொத்தனார் அதிகம் சரித்தால் அம்மாவுக்குக் கால் நிற்காது.

மொட்டைமாடி

அப்படியே செய்கிறேன். முதலில் மாடிக்கு வெளி லைன், மிச்சப் பணம் அம்மாவின் பாத்ரூமுக்கு. கொத்தனார் சித்திரைத் திருவிழா முடிந்துதான் வருவேன் என்கிறார், அழகர் மலைக்குத் திரும்பும் வரை அவரைப் பிடிக்க முடியாதாம். கீழே வேலை நடக்கும்போது அம்மாவுக்கு என்ன செய்வது? மாடிப்படி ஏற மாட்டார்.

பிசியோஅக்கா

கமோட் சேர் வாடகைக்குக் கிடைக்கும், ஆஸ்பத்திரி சாமான் கடைகளில் கேளுங்கள். அவர் படுக்கும் அறையிலேயே ஒரு திரை கட்டி வைத்துவிடலாம். வேலை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே கொண்டு வந்துவிடுங்கள். உயரத்தில் உட்கார்ந்து பழகிவிட்டால், வெஸ்டர்ன் வேண்டாம் என்ற பேச்சும் தானாகக் குறையும்.

கேட்வால்வு

கீழே சுவருக்குள் பைப் ஓட்டியதும், பூசி மூடுவதற்கு முன் டேப்பை விரித்துப் பிடித்து நான்கு சுவரையும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். கைப்பிடிக்கு ட்ரில் போடுகிறவர் புது பைப்பில் ஓட்டை போட்டுவிடக்கூடாது. டைல்ஸ் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போடுங்கள். அடுத்த வருடம் போய்க் கேட்டால் அந்த டிசைன் நின்றுவிட்டது என்பார்கள்.